ஈரச் சாக்கில் நின்ற பிள்ளை

மூன்றாம் வகுப்பில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்தியவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த அந்தக் கோடையிலும் அதைத் தொட்டு வந்த ஆனியிலும், சங்கரன்கோவிலில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடையோரம் ஒரு பிள்ளை நிற்குமே, நினைவிருக்கிறதா? ஈரச் சாக்கின் மேல் வெறுங்காலோடு, மைக் ஸ்டாண்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு முகம். அது நான்தான். "அம்மன் பிள்ளை" என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள், பாதி பொறாமையில், பாதி கேலியில். அந்தக் கை ஏன் அங்கே இருந்தது என்று இன்றுவரை நீங்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு வருடம் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு மனைவி இறந்து, சமைக்க ஆள் இல்லாத வீடு. எங்களுக்கு உலை வைக்க வீடு இல்லை. இரண்டும் பொருந்திப் போயிற்று. பின்கட்டு அறையும் ஒரு தகரப் பெட்டியும் எங்களுடையவை. பெட்டிச் சாவி அம்மாவின் இடுப்பில் முந்தானையோடு முடிந்திருக்கும். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டாள்.

மாமா அந்த வருடம்தான் ஒரு மைக்செட் வாங்கினார். மதுரையில் யாரோ பயன்படுத்தித் தள்ளியது. இரும்புப் பெட்டி ஒன்று. பின்பக்கத்து ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் கண்ணாடி வால்வுகள் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கொண்டிருக்கும். சூடேறினால் அதிலிருந்து அரக்கும் தூசியும் கலந்து கருகுகிற ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். இரண்டு பெரிய குழாய்கள், ஒரு பாட்டுப் பெட்டி, கோழிமுட்டை அளவில் வலைபோட்ட மைக் ஒன்று, அதற்கு என் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு.

இசைத்தட்டு போட்டால் குழாய் தேனாய்ப் பாடும். மைக்கைச் சொருகினால் போச்சு. "ம்ம்ம்ம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். பேசுகிறவர் பேசினாலும் வரும், பேசாவிட்டாலும் வரும். வேடிக்கை என்னவென்றால், கரிவலம்வந்தநல்லூருக்கோ பனவடலிசத்திரத்துக்கோ வண்டியில் கொண்டுபோய்க் கார் பேட்டரியில் ஓட்டினால் அந்த உறுமல் கிடையாது. ஊருக்குள் லைன் கரண்டில் போட்டால்தான் வரும்.

அந்த உறுமலுக்கு நம் ஊர் ஜனங்கள் சொன்ன வார்த்தைகளையெல்லாம் நான் பொறுக்கி வைத்திருக்கிறேன். வேறு சொத்து எனக்கு என்ன இருக்கிறது? பூ மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கிற அக்கா, "மல்லியப்பூ சாக்குக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட கணக்காலா கேக்கு" என்றாள். தறி நெய்கிற பெரியவர் ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தறி சத்தம் போட்டா ஒரு முழம் துணியாவது விழும். இது என்னத்துக்கு சத்தம் போடுது?" என்றார். காப்பிக் கடைக்காரர் மாமாவைக் கண்டாலே டம்ளரை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்:

"என்ன அண்ணாச்சி, ஒம்ம பெட்டிக்கு வயித்து வலி தேவலையா? ஓமத் தண்ணி குடுத்தீரா?"

"நீரு காப்பிய ஆத்தும்வே."

"இல்ல, பட்டிக்காட்டுல நல்லாப் பாடுது, டவுனுக்கு வந்தா முக்குதுங்காவ. கூச்சமோ என்னமோ!"

கடையே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார், ஆனால் காதுமடல் சிவந்துவிடும். ஏனென்றால் ரத வீதியில் இன்னொருவர் புதுச் செட் வைத்திருந்தார். அதில் உறுமல் இல்லை. கல்யாண வீட்டார் முதலில் அங்கே போவார்கள். அங்கே செட் கிடைக்காதவர்கள்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

மாமா உறுமலைத் தேடாமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். தேடினார். சாயங்காலம் முற்றத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்காகப் பேசியது அல்ல அது. ஆனாலும் எனக்குப் பாடம் ஆகிவிட்டது.

"பிளேட்ட போட்டா இல்ல. மைக்க சொருகினா இருக்கு. அப்பம் பெட்டி நல்லவன். குழாயும் நல்லவன். மைக்கு வர்ற வழியிலதான் எவனோ கெட்டவன் இருக்கான். ஒண்ணொண்ணாக் கழட்டணும். கழட்டிக் கழட்டிப் பாத்து, கடைசில எவன் மிஞ்சுதானோ அவன்தான் கள்ளன்."

மைக் ஒயரைக் கரண்ட் ஒயரிலிருந்து தள்ளிப் போட்டார். பிளக்கைத் திருப்பிச் சொருகினார். முற்றத்தில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க எர்த் வைத்தார். கோயில் புற்றுமண்ணைப் பெட்டி நெற்றியில் பூசினார். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் அடங்கிற்று, முழுக்க அடங்கவில்லை. ஒரு காரியம் மட்டும் மாமா செய்யவே இல்லை: காலிலிருந்து டயர் செருப்பைக் கழற்றவில்லை. "கரண்டுகிட்ட செருப்பில்லாமப் போகப்பிடாது" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே செருப்பு மாட்டிக்கொண்டுதான் வருவார்.

வைகாசியில் தெற்குப் பக்கத்து வீதியில் ஒரு கல்யாணம். புதுச் செட்காரர் வேறு இடத்துக்குப் போய்விட்டதால் எங்களுடையது. காலை முகூர்த்தம். பந்தலில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மேடைப் பலகையில் ஜமுக்காளம் விரித்துப் பெண்ணின் சித்தப்பா வரவேற்புரை வாசிக்கத் தொடங்கினார். பெட்டி அவருக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கிவிட்டது.

"ஏய், இது வரவேற்பா, மாட்டுக் கொட்டகையா?" என்று பந்தலில் யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. மாமா வியர்த்துக்கொட்ட ஒயரை அசைக்கிறார். ஸ்டாண்டு சற்றே சாய்ந்தது. தெளித்த தண்ணீர் தேங்கிய தரையில் நின்றுகொண்டிருந்த நான், விழுந்துவிடுமோ என்று எட்டிப் பிடித்தேன்.

உறுமல் நின்றது.

மழை சட்டென்று விட்டால் ஓர் அமைதி வருமே, அந்த மாதிரி. சித்தப்பா பேசிய "பெரியோர்களே" பந்தல் முழுக்கத் துல்லியமாக விழுந்தது. பயந்துபோய் நான் கையை எடுத்தேன். "ம்ம்ம்ம்." மறுபடி வைத்தேன். அமைதி. பந்தலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிற்று.

"கைய எடுக்காத மருமவளே" என்றார் மாமா மெதுவாக. "அப்படியே நில்லு."

வரவேற்புரை, வாழ்த்துரை, நலுங்குப் பாட்டு முடியும்வரை நின்றேன். இறங்கும்போது ஒரு கிழவி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கோமதியம்மன் கை" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மாறிப்போனது. ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம்! வெள்ளைப் பாவாடை தைத்துக் கொடுத்தார் மாமா. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இலை. நான் நிற்கிற இடத்தில் மாமா ஒரு சாக்கை மடித்துப் போட்டு, ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் தானே ஊற்றுவார். வெயில் ஏற ஏற, நடுவில் வந்து மறுபடியும் ஊற்றுவார். "பிள்ளைக்குக் கால் சுடப்பிடாதுல்லா" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். கொழும்பிலிருந்து ஒரு வரி வராத அப்பாவை நினைத்துக்கொள்வேன். என் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான் என்று தோன்றும்.

இரண்டாவது கல்யாண வீட்டில் எனக்கு இரண்டு முழம் சிவப்புப் பட்டு ரிப்பன் கொடுத்தார்கள். அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. மிளகாய்ப் பழமும் குங்குமமும் சேர்ந்த சிவப்பு. அம்மா அதை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கட்டிவிடுதேன்" என்றாள்.

இளையரசனேந்தலிலிருந்து ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுகிறதாம். "உறுமுத பெட்டியவே அடக்குத கையி. எம் பிள்ளைக்கு ஒரு தடவ வையி தாயீ." வைத்தேன். குழந்தை என் கையைப் பார்த்து இன்னும் இரண்டு மடங்கு வீரிட்டது. அந்தத் தாயின் முகம் விழுந்ததை இப்போதும் பார்க்கிறேன். மாமா உடனே குறுக்கே வந்து, "இது மைக்குக்கு மட்டும் உள்ள கைம்மா" என்றார். என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. அவருக்கு அது ஒரு சமாளிப்பு. அந்தத் தாய் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வெயிலில் நடந்தே போனாள்.

ஆனால் எனக்கு இந்தக் கைப் பெருமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியது பாட்டு. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நாள் முழுக்க நிற்கிறேன், வாய் மட்டும் மூடியிருக்கிறது. கிணற்றடியில் குடத்துக்குள் முகத்தை வைத்துப் பாடிப் பார்ப்பேன். என் குரல் எனக்கே பெரிதாகத் திரும்பி வரும். அதுவே குழாய் வழியாக வீதி முழுக்கப் போனால் எப்படி இருக்கும்? மாமாவிடம் கேட்டேன்.

"பாடலாமே மருமவளே. தபசுப் பந்தல்ல கடவுள் வாழ்த்து நீதான். போதுமா?"

"கைய வச்சுக்கிட்டே பாடவா மாமா?"

"அதப் பொறவு பாப்போம்."

அந்த வாக்கை வைத்துக்கொண்டு ஆனி மாதம் முழுவதும் நின்றேன். மைக் ஸ்டாண்டில் கலர் பல்பு மாலை சுற்றிய கல்யாணங்களில் உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி சுருக்கென்று இருக்கும். ஒருநாள் சொன்னேன். மாமா பல்பு மாலையை ஒரு கண்ணால் பார்த்தார். "அம்மன்லா எறங்குதா" என்றார். அம்மா அன்றைக்கு என் கையில் புற்றுமண் பூசிவிட்டாள்.

ஆனிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். ஒரு ஜவுளிக்கடைத் திறப்புக்கு மாமா நான் இல்லாமல் போகவேண்டியதாயிற்று. திரும்பி வந்தவரைப் பார்த்து அம்மா வாசலிலேயே கேட்டாள், "என்னண்ணே, சத்தம் போட்டுச்சா?"

"சத்தமே இல்லட்டி. சுத்தமா பாடிச்சு."

"பெறவென்ன, நல்லதுதானே?"

"என்ன நல்லது? வந்தவன் பூராம் 'பிள்ளைய எங்க, பிள்ளைய எங்க'ன்னு கேக்கான். பிள்ளையப் பாக்க வந்தோம்னு ரெண்டு பேரு எந்திரிச்சுப் போறான். கடக்காரரு மொகமே சரியில்ல. ஆவணில அவரு மக கல்யாணம். 'சத்தமில்லாத செட்டுதான் வேணும்னா ரத வீதில இருக்கே'ங்காரு."

போர்வைக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. என்னைத் தேடியிருக்கிறார்கள்! அன்று முற்றத்தில் மாமாவும் அம்மாவும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் மயக்கத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

காய்ச்சல் விட்டு, ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்குப் போனேன். உறுமல் இருந்தது, முன்னைவிடக் கூடுதலாக. கையை வைத்தேன், அடங்கிற்று. ஜனங்கள் கும்பிட்டார்கள்.

தபசு வந்தது. காலையில் அம்மா எனக்குத் தலைவாரப் பெட்டியைத் திறந்து ரிப்பனை எடுத்தாள். இரண்டு முழம் இருந்தது ஒன்றரை முழமாக இருந்தது.

"எம்மா, சின்னதாயிட்டே!"

"எலி கடிச்சிருக்கும். தலையக் குனி."

ஒற்றைப் பின்னலில் கட்டிவிட்டாள். பூட்டிய பெட்டிக்குள் எலி எப்படிப் போயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று நான் பாடப்போகிறேன். எலி முழு ரிப்பனையும் தின்றிருந்தால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

வியாபாரிகள் வீதியில் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு நிகழ்ச்சி. காலையிலேயே மாமா செட்டை இறக்கி, சாக்கை விரித்து, தண்ணீர் ஊற்றி, என்னை நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பந்தலுக்கு லைன் கொடுத்துவிட்டுக் கம்பத்திலிருந்து இறங்கிய கரண்டாபீஸ் ஒயர்மேன் ஏணியோடு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். வாயில் வெற்றிலை. நான் நிற்பதைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இந்தப் பிள்ள எதுக்கு நிக்கி?"

"அது அம்மன் பிள்ள சார். அது தொட்டா உறுமல் நிக்கும். ஊருக்கே தெரியும்."

"ஒமக்குத் தெரியுமா?"

மாமா குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"பிள்ளையையா எர்த்தாப் போட்டிருக்கேரு?" ஒயர்மேனுக்குக் குரல் உயர்ந்தது. "ஈரத்துல வெறுங்காலோட எவன் பிடிச்சாலும் நிக்கும்வே. கம்பிக்குப் பதிலா ஒடம்பு, அம்புட்டுதான். எங்கயாவது கரண்டு ஒழுகிச்சுன்னா மொதல்ல இது வழியாத்தான் எறங்கும். பிள்ள கருகிரும்."

"சாமி காரியம் சார், அப்படிச் சொல்லாதிய."

"சாமி காரியம்னா நீரு நில்லும். செருப்பக் கழட்டும். கழட்டிட்டு இந்தச் சாக்குல ஏறி நீரு பிடியும். ஒம்ம கையிலயும் அம்மன் எறங்குதாளா பாப்போம்."

மாமா செருப்பைக் கழற்றவில்லை. சிரித்தார், காதுமடல் சிவக்க. "வெளையாட்டுக்குச் சொல்லுதிய" என்று ஒயர்மேன் தோளைத் தொட்டு, காப்பி குடிக்கலாம் என்று அழைத்துப் பார்த்தார். அவர் தோளை விலக்கிக்கொண்டு ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார். மாமா சாப்பிடப் போனார். "பாத்துக்கோ மருமவளே, யாரும் தொடாம" என்றார் போகும்போது.

யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம். பிறகு மளிகைக்கடை முதலாளியின் மகள் வந்தாள். நம் வகுப்புக்காரிதான், வாத்தியார் வைத்துப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாளே, அவள். இதை அவளும் படிப்பாள். கோபித்துக்கொள்ளாதேட்டி, உன்மேல் ஒரு குறையும் இல்லை.

"ஏட்டி, செருப்பக் கழட்டிட்டு இதுல ஏறி இதப் பிடி" என்றேன்.

"அடிக்குமா?"

"நான் தெனமும் பிடிக்கேம்லா."

ஏறினாள், பிடித்தாள். நான் தள்ளி நின்றேன். உறுமல் நின்றது. "எனக்கும் அடங்குது! எனக்கும் அடங்குது!" என்று குதித்தாள். அவள் குதிக்கும்போதெல்லாம் உறுமல் விட்டு விட்டு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்விட்டாள். நான் என் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றேன். எல்லோருடையதையும் போல ஒரு கை. பென்சில் கரி ஒட்டியிருந்தது.

அழுகை வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உண்மையில் ஒரு நப்பாசைதான் வந்தது. எவர் தொட்டாலும் அடங்கும் என்றால் கோளாறு ஒயரில்தான் இருக்கிறது. கோளாறைச் சரிசெய்துவிட்டால் கை வேண்டாம். கை வேண்டாம் என்றால் நான் வாயைத் திறந்து பாடலாம்.

ஒண்ணொண்ணாக் கழட்டணும். மைக்கைப் பிடுங்கினேன், உறுமல் இல்லை. பெட்டி நல்லவன். திரும்பச் சொருகி, ஒயரை மைக் பக்கத்திலிருந்து கை கையாக அசைத்துக்கொண்டே வந்தேன், மாற்றம் இல்லை. பெட்டியில் சொருகுகிற முனைக்கு வந்தேன். அங்கே அசைத்தால் உறுமல் கூடிக் குறைந்தது. சுவிட்சை அணைத்து, வால்வுகளின் சிவப்பு மங்கிக் கறுக்கும்வரை காத்திருந்து, மாமாவின் திருப்புளியால் அந்த முனையைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு மெல்லிய ஒயர்கள். அவற்றைச் சுற்றிப் பெண்பிள்ளைச் சடை மாதிரி செம்பு இழைகளைப் பின்னி உறை போட்டிருந்தது. அந்தச் சடைதான் வெளியிலிருந்து வருகிற உறுமலை உள்ளே விடாமல் காப்பது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அது ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் புத்தம்புது ஈயப் பற்று மினுங்கியது. யாரோ நன்றாகப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்த பிறகு அதையே குறட்டால் நறுக்கி, சடையைப் பின்னால் மடக்கி, எதிலும் பட்டுவிடாமல் துணி சுற்றி நூலால் கட்டியிருக்கிறார்கள்.

சுற்றியிருந்தது சிவப்புப் பட்டு ரிப்பன். அரை முழம். ஓரம் எலி கடித்தது போல இல்லை. கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.

என் பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தேன். அதே சிவப்பு.

அந்த ஒரு கணத்தில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் காய்ச்சல் வந்த சமயத்தில் மாமா கள்ளனைக் கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறார். ஜவுளிக்கடையில் செட் சுத்தமாகப் பாடியிருக்கிறது. பாடினால் பிள்ளை வேண்டாம். பிள்ளை இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. சரி செய்ததைத் திரும்ப வெட்டிவிட்டார். என் காலில் ஊற்றிய ஒவ்வொரு குடம் தண்ணீரும் நினைவுக்கு வந்தது. கால் சுடாமல் இருக்க என்றுதானே நினைத்தேன்?

ரிப்பனை அவிழ்த்து மடியில் சொருகிக்கொண்டேன். சடையைப் பிரித்து, முறுக்கி, திருகாணிக்கு அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். மூடினேன். சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்து, மைக்கின் மேல் விரலால் தட்டிப் பார்த்தேன். "டொக்." வீதியின் அந்தக் கோடிவரை ஒரு "டொக்." அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. நான் சாக்கில் நிற்கவில்லை. காய்ந்த தரையில் நின்றிருந்தேன். மாமா திரும்புவதற்குள் சுவிட்சை அணைத்துவைத்தேன்.

நாலு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் தரையில் இருந்தீர்கள். அம்மா பெண்கள் பக்கம் ஓரத்தில் இருந்தாள். மாமா வழக்கம்போல் சாக்கில் தண்ணீர் ஊற்றினார். ஏறி நின்றேன், ஸ்டாண்டைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் மாமா சுவிட்சைப் போட்டார். "கடவுள் வாழ்த்து" என்று ஒருவர் அறிவித்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். மளிகைக்கடை முதலாளியின் மகள் பட்டுப் பாவாடையில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"மாமா, நான்தானே?"

"முதலாளி மக பாடட்டும். நீ பாடினா கை ஆடும் மக்கா. கை ஆடினா சத்தம் வரும்."

நான் கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். சாக்கிலிருந்தும் இறங்கினேன்.

உறுமல் இல்லை. பந்தல் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"சத்தம் வரல மாமா. நான் பாடலாம்லா?"

என் குரல் மைக்கில் விழுந்து வீதி முழுக்கப் போயிற்று. என் வாழ்நாளில் குழாய் வழியாகப் போன என் பேச்சு அது ஒன்றுதான். மாமாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பெட்டியைப் பார்த்தார், சொருகு முனையைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். ஒரு கணம் அவர் என்னை அடிப்பார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். அவர் மைக்குக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பெரியவங்களே, பாத்தியளா! அம்மன் பிள்ளையோட கைராசி மைக்குக்குள்ளயே எறங்கிட்டுது. இனிமே நம்ம செட்டு என்னைக்கும் உறுமாது!"

பந்தல் எழுந்து கை தட்டிற்று. யாரோ குலவை போட்டார்கள். நீங்களும் தட்டினீர்கள், நான் பார்த்தேன். மாமா என் தோளைப் பிடித்து மெல்லப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். நான் படி இறங்கும்வரை பிடியை விடவில்லை. அவர் பயந்தது எனக்காகவா, தனக்காகவா என்று எழுபது வருடமாக யோசிக்கிறேன்; மைக்செட் வேலை இல்லாத நாட்களில் என் தலையைத் தடவித் திருநீறு பூசியவரும் அவர்தான். அதனால் யோசிக்கிறேன்.

எனக்குப் பின்னால் பாட்டு தொடங்கிற்று. அன்றைக்கு அவள் பாட்டு கண்ணாடி மாதிரிக் கேட்டது என்று இன்றும் பார்க்கிற இடத்தில் சொல்லுகிறீர்கள். கேட்டிருக்கும். நான் திருகாணியை நன்றாகத்தான் முடுக்கியிருந்தேன்.

பெண்கள் பக்கம் போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்தேன். பாதம் இன்னும் ஈரமாக இருந்தது. மடியிலிருந்து அந்த அரை முழம் ரிப்பனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஈயக் கரி பட்டு ஒரு முனை கறுத்திருந்தது, நூல் கட்டிய மடிப்புத் தடம் அப்படியே இருந்தது.

அம்மா எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் ஊக்கு காணாமல் போனால் மூன்று நாள் கேட்பாள். எங்கே போட்டாய், யார் எடுத்தார்கள், எப்படிக் கிடைத்தது என்று வீட்டை இரண்டாக்குவாள்.

அன்று ஒன்றும் கேட்கவில்லை. மேடையைப் பார்த்தபடியே விரல்களை மூடிக்கொண்டாள். மற்றக் கை, தானாக, இடுப்பில் முடிந்திருந்த சாவிக்குப் போயிற்று.

"எலி கடிக்கலம்மா" என்றேன்.

"பாட்டக் கேளு" என்றாள்.